நானூற்றுப் பதின்மூன்றாவது பதிவு

லின்லி கேட்ஹவுஸ் இருபத்துநான்கு வருடங்களாகக் கணினிக்கு நிரல் எழுதுகிறாள். எழுதியதையெல்லாம் காகிதத்தில் அச்சடித்து அடுக்கியிருந்தால், ஹோபார்ட்டில் அவள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நிற்க இடம் இருந்திருக்காது. அதில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் எடுத்து வை என்றால் ஒரு செருப்புப் பெட்டிகூட நிறையாது.

முதல் இரண்டு வருடம் ஒரு சுற்றுலா நிறுவனத்துக்காக மாடாய் உழைத்தாள். வெளியிட ஒன்பது நாள் இருக்கும்போது அந்த நிறுவனத்தை வேறொருவன் வாங்கி, அவள் எழுதியதைத் தூக்கிப் பரண்மேல் போட்டான். அடுத்து ஒரு துணிக்கடைக்காக, பிறந்தநாள் அன்று வாடிக்கையாளரின் திரையில் பலூன் பறக்கவிடும் வேலை. நான்கு மாதம் பலூன் விட்டாள். பலூன் கண்ணை மறைக்கிறது என்று எல்லோரும் திட்டியதால், அதை எடுப்பதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அப்புறம் ஒரு காப்பீட்டு நிறுவனம். சந்தாவை ரத்து செய்யும் பொத்தானை வெளிறிய சாம்பல் நிறத்தில், யார் கண்ணுக்கும் தட்டுப்படாத மூலையில் வைக்கச் சொன்னார்கள். சம்பளம் வாங்குகிறவள்தானே, வைத்தாள். அவள் செய்தவற்றிலேயே பதினோரு வருடமாக ஒரு பழுதும் இல்லாமல் ஓடுவது அந்தப் பொத்தான்தான். அதை நினைக்கும்போதெல்லாம் காலையில் குடித்த காபி தொண்டைக்கு வரும்.

அண்ணன் ரோலண்ட் குழாய் வேலைக்காரன். சுடுதண்ணீர்த் தொட்டி மாட்டுவது, ஒழுகும் குழாயை அடைப்பது, சமையலறைத் தொட்டியில் எவனோ ஊற்றிய ஆட்டுக் கொழுப்பைத் தோண்டி எடுப்பது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு குடும்பமும் அவன் வீட்டுப் பின்கட்டில் கூடி இறைச்சி சுடும். கையில் இடுக்கியைப் பிடித்ததும் அவன் தவறாமல் அதே கேள்வியைக் கேட்பான்.

"ஏய் லின், இந்த வாரம் என்னால ஆறு வீட்டுல சுடுதண்ணி வந்துச்சு. ஒன்னால?"

"என்னால ஒரு திரை அரை வினாடி சீக்கிரமா திறக்குது."

"அந்த அரை வினாடிய வச்சு ஜனங்க என்ன பண்றாங்க?"

"ஒன்னை மாதிரி வெட்டிப் பேச்சு பேசறாங்க. ரொட்டிய எடு."

அவனுக்கு இது விளையாட்டு. அவளுக்கு அப்படி இல்லை. வீட்டுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது பாலத்தின் நடுவில் திடீரென்று அந்தக் கேள்வி குத்தும். தன்னால் யாருக்காவது, எதற்காவது, ஏதாவது ஆகியிருக்கிறதா? நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷி கேட்டுக்கொள்ளக்கூடாத கேள்வி அது. கேட்டால் பதில் வேண்டும்.

ஆகவே பிரிண்டில் க்ரீக் நகராட்சியின் வேலை வந்தபோது, அதை வேறு யாருக்கும் விடாமல் தானே வாங்கிக்கொண்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் முதியவர்களுக்கென்று நகராட்சி ஒரு வேன் ஓட்டுகிறது. மருத்துவரிடம் போக, கடைக்குப் போக, யாரையாவது பார்க்கப் போக, முதல் நாள் காலை பதினோரு மணிக்குள் சொல்லிவைத்தால் வேன் வாசலுக்கே வரும். பத்தொன்பது வருடமாக நோலீன் என்றொரு பெண் தொலைபேசியில் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வேன் ஓட்டுநருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் அது கைபேசிச் செயலி வழியாக நடக்கும் என்று நகராட்சி முடிவு செய்தது.

"இந்தத் தடவை உருப்படியான வேலை. வயசானவங்களுக்கு வேன் வரப்போகுது, என்னால," என்று ரோலண்டிடம் அவள் பெருமையாகவே சொன்னாள்.

"இப்ப வரலியா?" என்று கேட்டான் அவன்.

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

செயலியை அவள் எட்டு வாரத்தில் எழுதி முடித்தாள். அதன் கடைசிப் பக்கத்தில் 'சிரமமாக இருந்தால் இந்த எண்ணை அழையுங்கள்' என்று ஒரு வரி. எந்த எண் என்பதை நகராட்சி இன்னும் சொல்லவில்லை. சரி, இப்போதைக்கு எதையாவது போட்டுவைப்போம் என்று வரிசையாகப் பூஜ்யங்களைத் தட்டினாள். ஏற்றுக்கொள்ளவில்லை. பொய் எண்களை ஏற்காதே என்று அந்தச் செயலிக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான், போன வாரம்தான். வேறு வழியில்லாமல் தன்னுடைய கைபேசி எண்ணைப் போட்டாள். பக்கத்திலேயே, 'வெளியிடும் முன் மாற்றவும்' என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தாள். இந்தத் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் செய்கிற காரியம் இது. அத்தனை பேரும் அந்தக் குறிப்பை எழுதுவார்கள், ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

நகராட்சி எண்ணைத் தரவே இல்லை. தொலைபேசியையே எடுத்துவிட்டவர்கள் எந்த எண்ணைத் தருவார்கள்? நோலீனைக் குப்பைக் கிடங்கின் எடைமேடைக்கு மாற்றிவிட்டார்கள். செயலி ஒரு திங்கட்கிழமை வெளியாயிற்று. அது மட்டுமல்ல, செயலியில் இருந்த எண்ணை அப்படியே எடுத்து, கொட்டை எழுத்தில் அச்சடித்து, ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்ளும் காந்த வில்லைகள் முந்நூறு செய்து, பள்ளத்தாக்கில் முதியவர்கள் இருக்கும் எல்லா வீட்டுக்கும் தபாலில் அனுப்பியிருந்தார்கள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று காலை ஒன்பதேகால். அலுவலகத்தில் நின்றபடி நடக்கும் கூட்டம். துறைமுகத்துப் பழைய கிடங்கின் மாடியில் பத்தொன்பது பேரும் வட்டமாக நிற்பார்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், என்ன தடங்கல் என்று ஒவ்வொருவரும் மூன்று விஷயம் சொல்லவேண்டும். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம், அதனால்தான் நிற்பது. நிற்பதால் பேச்சு குறைந்ததாக லின்லிக்குத் தெரியவில்லை, கால் வலிதான் கூடியது. அவள் முறை வரும்போது கைபேசி அடித்தது.

"நோலீனா?" கிழட்டுக் குரல், அதட்டலாக.

"இல்லைங்க. ராங் நம்பர்."

"ராங் நம்பரா? என் ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்கு கண்ணு, நானே தப்பில்லாம பாத்துப் போட்டேன். நாளைக்கு வேன் வேணும் எனக்கு. என் பேரு ஆத்தல் பைபஸ், வீடு சர்ச் ரோடு."

லின்லி வட்டத்திலிருந்து விலகி ஜன்னலோரம் போனாள். எந்த எண், எப்படி ஒட்டியிருக்கிறது என்று கேட்டு, தன் எண்ணையே அவர் வாயால் முழுக்கக் கேட்டாள்.

"சரிங்க. அந்த ஆப்ப திறங்க. நான் சொல்லச் சொல்ல நீங்க செய்யுங்க," என்றாள்.

மகள் வாங்கிக் கொடுத்த கைபேசி அவரிடம் இருந்தது. மின்னஞ்சல் கேட்டது. அது என்னவென்று கேட்டார். கடவுச்சொல் கேட்டது. ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி. குறி என்றால் என்ன என்று கேட்டார். அப்புறம், நீங்கள் இயந்திரம் இல்லை மனிதர்தான் என்று நிரூபிக்க, சிக்னல் விளக்கு இருக்கும் படங்களையெல்லாம் தொடச் சொன்னது.

"எங்க ஊருல சிக்னலே கெடையாதே கண்ணு."

"படத்துல இருக்குங்க."

"எல்லாப் படமும் பொத்தான் சைசுல இருக்கு. இது சிக்னலா தபால் பொட்டியா?"

இப்படியே இருபத்தேழு நிமிடம். ஆறு நிமிடம் சும்மா இருந்தால் பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது லின்லி எழுதிய விதி. அது மூன்று தடவை அழித்தது. கிழவர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

புதன்கிழமை மறுபடி கூப்பிட்டார். கத்தவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நேத்து நான் போகலை. மர்ட்டில், என் வீட்டுக்காரி, ஆத்துக்கு அந்தப் பக்கம் முதியோர் இல்லத்துல இருக்கா. செவ்வா, வெள்ளி நான் போய் ஊட்டுவேன். மத்த நாள் நர்ஸுங்க எப்படியோ கெஞ்சி ரெண்டு வாய் குடுத்துடுவாங்க. செவ்வாக்கிழம அவ யார்கிட்டயும் வாங்கமாட்டா, நான் வருவேன்னு ஒக்காந்திருப்பா. நேத்து சாயங்காலம் வரைக்கும் வாயத் தொறக்கலியாம்."

லின்லி கைபேசியை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"எந்த மடப்பய செஞ்சானோ இந்த எழவ. என் கையில மட்டும் கெடைக்கட்டும் அவன். ஒனக்குத் தெரியுமா கண்ணு அவன் யாருன்னு?"

"தெரியலைங்க," என்றாள் லின்லி. பிறகு, "வெள்ளிக்கிழமைக்கு நான் போட்டுத் தர்றேன். வீட்டு நம்பர் சொல்லுங்க," என்றாள்.

அவருக்காக ஒரு மின்னஞ்சல் உண்டாக்கி, ஒரு கடவுச்சொல் வைத்து, எட்டு சிக்னல் விளக்கைத் தொட்டு, தான் மனிதப் பிறவிதான் என்று அவர் சார்பில் நிரூபித்து, வேனைப் பதிவு செய்தாள். வேன் வெள்ளிக்கிழமை காலை சரியாகச் சர்ச் ரோட்டுக்குப் போனது.

பள்ளத்தாக்கில் பேச்சு பரவ எவ்வளவு நேரம் ஆகும்? அந்த எண்ணில் ஒரு பொண்ணு எடுக்கிறது, கொஞ்சம் சிடுசிடுப்பு, ஆனால் வேன் வருகிறது என்று சொல்லிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் நாளுக்கு ஐந்து அழைப்பு. நான்காவது வாரம் எட்டு, ஒன்பது. இடுப்பு வலிக்காரர்கள், கண் சிகிச்சைக்காரர்கள், செவ்வாய்க்கிழமைச் சீட்டாட்டக்காரர்கள். வேன் வேண்டாம், நோலீனுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டவர்களும் உண்டு. பல் மருத்துவரின் நாற்காலியில் வாயைத் திறந்தபடி ஒரு பதிவு போட்டிருக்கிறாள். மார்க்கெட்டில் ஆப்பிள் பொறுக்கும்போது இரண்டு.

எண்ணைச் செயலியில் மாற்ற நான்கு நிமிடம் போதும். ஆனால் மாற்றி எந்த எண்ணைப் போடுவது? முந்நூறு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை யார் போய் மாற்றுவது? நகராட்சியைக் கூப்பிட்டுக் கேட்டாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று சுற்றவிட்டு, கடைசியில் ஒரு பதிவுக் குரல், வேன் சேவைக்கு எங்கள் புதிய செயலியைப் பயன்படுத்துங்கள் என்று இனிமையாகச் சொன்னது. லின்லி கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வாய்விட்டுத் திட்டினாள். பக்கத்து மேசைக்காரன் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டான்.

அவள் மறைக்கவும் இல்லை. மறைத்தாள் என்று பிறகு சிலர் சொன்னார்கள், அது அபாண்டம். நின்றபடி நடக்கும் கூட்டத்தில் பத்தொன்பது பேர் முன்னால் சொன்னாள்.

"நேத்து ஒம்போது ஃபோன் எடுத்து ஒம்போது வேன் போட்டேன். இன்னைக்கும் அதேதான் பண்ணப்போறேன். தடங்கல், நம்ம ஆப்பு."

ப்ராடன்தான் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பு. முப்பத்தொரு வயது. நல்ல பையன்தான், யாரையும் கடிந்து பேசமாட்டான், எதையும் காதில் வாங்கவும் மாட்டான். "நல்ல விஷயம் சொன்னீங்க லின்லி. அதைத் தனியாப் பேசுவோம்," என்றான். சிக்கலான எதைச் சொன்னாலும் அந்த வட்டத்தில் கிடைக்கும் பதில் அதுதான். தனியாகப் பேசுவோம் என்றால் பேசவேமாட்டோம் என்று அர்த்தம். நான்கு வாரத்தில் நான்கு தடவை சொன்னாள். நான்கு தடவையும் தனியாகப் பேசுவோம். கடைசியில் முறைப்படி ஒரு குறைச்சீட்டு எழுதிப் போட்டாள். மூன்று நாள் கழித்து, 'திட்டமிட்டபடி இயங்குகிறது' என்று முத்திரை குத்தி அதை மூடியிருந்தார்கள். அன்று அவள் மதியச் சாப்பாட்டை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டாள், பசியே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோலண்ட் வீட்டில் இறைச்சி வெந்துகொண்டிருந்தபோது மூன்று அழைப்பு வந்தது. மடிக்கணினியைப் பூந்தொட்டி மேல் வைத்து, நின்றபடியே மூன்றையும் பதிந்தாள். ரோலண்ட் இடுக்கியோடு வந்து தோளுக்கு மேல் பார்த்தான்.

"முன்னாடி இதை யாரு பண்ணிட்டிருந்தா?"

"நோலீன்னு ஒருத்தி."

"அவ எங்க?"

"குப்பைக் கிடங்குல எடை போடறா."

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு. அவ ஃபோன் எடுத்துட்டிருந்தா. நீ ஒண்ண செஞ்ச. அதனால அவ வேலை போச்சு. இப்ப நீ ஃபோன் எடுக்கற. நடுவுல நீ செஞ்சியே, அது எதுக்கு?"

அவன் கிண்டல் பண்ணவில்லை, உண்மையாகவே கேட்டான். லின்லி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அந்தக் குழாயும் அவன் மாட்டியதுதான்.

இதற்கிடையில் ப்ராடன் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். வேன் பதிவுகள் வாரா வாரம் ஏறின. அறுபத்தெட்டு முதியவர்கள் செயலியில் சேர்ந்திருந்தார்கள். பதிவுக்கு ஆகும் நேரம் சராசரியாக நாற்பத்தோரு வினாடி. தவறிய பதிவு ஒன்றுகூட இல்லை. எண்பத்தெட்டு வயதுப் பாட்டி ஒருத்தி முப்பத்தாறு வினாடியில் பதிவு செய்திருந்தாள். "வயசானவங்களால முடியாதுன்னு யாரு சொன்னா?" என்று ப்ராடன் அலுவலகம் முழுக்க அந்த வரைபடத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தான். அந்த முப்பத்தாறு வினாடிக்கு முன்னால் பாட்டி தன் பூனையின் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேசிய பதினைந்து நிமிடம் வரைபடத்தில் இல்லை.

மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை நகராட்சி மன்றத்தில் முடிவெடுப்பதாக இருந்தது. செயலி இவ்வளவு நன்றாக ஓடுவதால், வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பும் சேவை, வீட்டு உதவியாளர் சேவை, இரண்டின் தொலைபேசியையும் எடுத்துவிட்டு இதே செயலியில் சேர்த்துவிடலாமா என்று. அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் லின்லிக்கு முழுப் பயமும் வந்தது. வேன் அழைப்புகளையே அவள் ஒருத்தி தட்டுத்தடுமாறித்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்காரர்களும் சேர்ந்தால் யார் எடுப்பார்கள்? எடுக்காவிட்டால் எத்தனை மர்ட்டில்கள் சாயங்காலம் வரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்? அவளுடைய நாற்பத்தோரு வினாடிதான் அவர்களுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை ப்ராடனின் காரில் பிரிண்டில் க்ரீக்குக்குப் போகும்போது ஐந்தாவது தடவையாகச் சொன்னாள்.

"ப்ராடன், அந்தப் பதிவு எல்லாம் நான் போட்டது."

"எல்லாம் உங்க உழைப்புதான் லின்லி. அதை நான் மேடையில சொல்றேன்."

"உழைப்ப சொல்லல. நான் ஒக்காந்து தட்டினது."

"ஒரு சில பேருக்கு உதவி தேவைப்பட்டிருக்கும். அதைத் தனியாப் பேசுவோம். இப்ப மனசக் கலைக்காதீங்க."

காரில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். இதைவிடத் தனியாக எங்கே போய்ப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மன்றத்தில் மேயரும் எட்டு உறுப்பினர்களும் இருந்தார்கள். மேயர் ஆட்டுப்பண்ணைக்காரி, கையெல்லாம் காய்ப்பு. சுவரில் பெரிய திரை. பழைய படமெல்லாம் வேண்டாம், இந்த நிமிடம் நடப்பதையே காட்டுகிறேன் என்று ப்ராடன் செயலியின் கணக்கை நேரடியாகத் திரையில் போட்டான். மொத்தப் பதிவுகள் 412. பெரிய பச்சை எண்.

பத்து நாற்பத்தெட்டுக்கு லின்லியின் கைபேசி மேசைமேல் அதிர்ந்தது. ஆத்தல் பைபஸ். நாளை வெள்ளிக்கிழமை. பதினோரு மணிக்குப் பட்டியல் மூடிவிடும். வழக்கமாக முன்னாலேயே கூப்பிடுகிறவர், இன்று எதனாலோ தாமதம்.

"எடுக்காதீங்க," என்று ப்ராடன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

அதிர்வது நின்றது. மறுபடி தொடங்கியது. லின்லி எடுத்தாள்.

"சொல்லுங்க ஆத்தல்."

"ஏன் கண்ணு, எடுக்க இவ்வளவு நேரமா? தூங்கறியா வேலை நேரத்துல?"

காது கேட்காதவர்களின் குரல் எப்போதும் உரக்கத்தான் இருக்கும். மன்றம் முழுக்கக் கேட்டது.

"மீட்டிங்ல இருக்கேங்க. நாளைக்கு வழக்கமான நேரம்தானே? பத்தரை?"

"பத்தரை. திரும்பறதுக்கு ரெண்டு மணி. போன தடவ ரெண்டேகாலுக்கு வந்தான், மழையில நின்னேன்."

"சொல்லிவைக்கறேன்."

மடிக்கணினியைத் திறந்து தட்டினாள். பெயர், தெரு, நேரம். சிக்னல் விளக்கு எட்டையும் பார்க்காமலேயே தொட்டாள், எது எங்கே வரும் என்று விரலுக்கே தெரியும். "போட்டாச்சுங்க. மர்ட்டிலைக் கேட்டேன்னு சொல்லுங்க," என்று சொல்லிக் கடைசிப் பொத்தானை அழுத்தினாள்.

சுவரில் பச்சை எண் 413 ஆயிற்று. அதன் கீழே ஒரு வரி: 'ஏ. பைபஸ், வயது 83. பதிவு நேரம் 38 வினாடி.'

மேயர் திரையைப் பார்த்தார், லின்லியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஆத்தல் பைபஸா? அந்த ஆளுக்கு மைக்ரோவேவையே திறக்கத் தெரியாதே," என்றார். "இந்த நானூத்துப் பதிமூணுல எத்தனை இப்படி?"

"நானூத்து நாலு நான் போட்டது."

"மீதி ஒம்போது?"

"ப்ராடன் சோதிச்சுப் பாத்தது."

"அப்ப எங்க ஊர் ஆளு ஒருத்தர்கூட...?"

"ஒருத்தர்கூட இல்லைங்க."

சொன்னபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரியும் இருந்தது. ப்ராடன் ஒரு நொடி திணறினாலும் சமாளித்துக்கொண்டான். இது அருமையான பாடம் என்றும், தொலைபேசி எடுக்கிற இந்த வேலையையே ஒரு பேசும் இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் என்ன என்றும் ஆரம்பித்தான்.

"தம்பி, ஒக்காரு," என்றார் மேயர். பிறகு லின்லியிடம், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். நோலீன் வேணும், அவங்களுக்கு."

மற்ற இரண்டு சேவையின் தொலைபேசியில் மன்றம் கைவைக்கவில்லை. நோலீனை எடைமேடையிலிருந்து திரும்பக் கூட்டிவர ஒரு வாரம் ஆயிற்று. எண் பிரச்சினை அப்படியே இருந்தது, முந்நூறு காந்தமும் ஃப்ரிட்ஜை விட்டு இறங்கவில்லை. லின்லி தன் கைபேசியிலிருந்து சிம்மைக் கழற்றி நோலீனின் மேசைமேல் வைத்தாள். பதினெட்டு வருடமாக அவளுடைய எண் அது. வங்கி, பல் மருத்துவர், பழைய சிநேகிதிகள், எல்லோரும் அந்த எண்ணில்தான் கூப்பிடுவார்கள். அடுத்த சனிக்கிழமை ரோலண்ட் தங்கையை அந்த எண்ணில் கூப்பிட்டு, "எந்தத் தேதிக்கு வேன் வேணும்?" என்று ஒரு குரல் கேட்டதில் விழித்துப்போய், வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது.

ப்ராடன் கடைசியில் தனியாகப் பேசினான். நகராட்சி ஒப்பந்தத்தைச் சுருக்கிவிட்டதாகவும், நிறுவனத்தின் பெயர் கெட்டதாகவும், திங்கட்கிழமை முதல் அவள் வேறு திட்டத்தில் என்றும் சொன்னான். ஒரு மணிக்கு ஒருமுறை தண்ணீர் குடிக்க நினைவூட்டும் செயலி. லின்லி கேட்டுக்கொண்டாள். பதில் சொல்லத் தொடங்கினால் வேலையே போய்விடும் என்று தெரிந்ததால் சொல்லவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை அவளுடைய புது எண்ணில் ஓர் அழைப்பு.

"லின்லிதானே? நோலீன் பேசறேன். இந்தத் திரையை செஞ்சது நீதானாமே?"

"ஆமா." திட்டு விழப்போகிறது என்று காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"நோட்டுல எழுதி, அப்புறம் அந்த ஓட்டுநருக்கு ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டுவேன் முன்னாடி. அவன் பாதிய மறந்துட்டு என்னையே திட்டுவான். இதுல போட்டா நேரா அவன்கிட்ட போயிடுது. அது நல்லாருக்கு."

லின்லி கைபேசியை மறுபடி காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஆனா இந்த சிக்னல் படம் எதுக்கு? ஒரு நாளைக்குப் பத்துத் தடவ நான் மனுஷிதான்னு சொல்லிட்டே இருக்கேன். எந்த மடச்சி வச்சா இத?"

"நான்தான் வச்சேன்."

"எடுத்துடு."

"எடுத்துடறேன். இப்பவே."

"இன்னொண்ணு. ஆத்தல் ஒன்ன விசாரிச்சாரு. அந்தப் பொண்ண வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களான்னு கேட்டாரு. கொஞ்சம் மந்தம், ஆனா வேன் வந்துச்சுன்னாரு."

குறைச்சீட்டு எழுதவில்லை, யாரிடமும் கேட்கவில்லை, பட்டியலில் சேர்க்கவில்லை. பதினோரு வரியை அழித்துவிட்டு வெளியிட்டாள். மறுநாள் வட்டத்தில் அவள் முறை வந்தது.

"நேத்து வேன் ஆப்புல இருந்த படத்தை எடுத்தேன்," என்றாள்.

"அது பட்டியல்லயே இல்லையே," என்றான் ப்ராடன். "யாரு கேட்டா?"

"அதைப் பயன்படுத்தற ஆளு."

பத்தொன்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். அப்படி ஒருவர் கூப்பிட்டுக் கேட்டு, அதைச் செய்து கொடுத்ததாக அந்த வட்டத்தில் அதுவரை யாரும் சொன்னதில்லை. ப்ராடன் வாயைத் திறந்தான், தனியாகப் பேசுவோம் என்று சொல்லவந்தவன் போல. பிறகு அடுத்த ஆளைப் பார்த்துத் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை ரோலண்ட் இடுக்கியை எடுத்தான்.

"ஏய் லின். எனக்கு இந்த வாரம் அஞ்சு வீடு. ஒனக்கு?"

"ஒண்ணு," என்றாள் லின்லி.

"ஒண்ணா? ஒரே ஒரு ஆளா?"

"ஒரே ஒரு ஆளு."

"இருபத்துநாலு வருஷத்துக்கா?"

"ஆமாடா, இருபத்துநாலு வருஷத்துக்கு. வாய மூடிட்டு அதத் திருப்பு, கருகுது."

அவன் திருப்பினான்.